அளந்த தண்ணீர்

வியாசர்பாடியின் விளையாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் கால்பந்தில் தொடங்குவார்கள். ‘குட்டி பிரேசில்’ என்று அந்தப் பகுதிக்கு ஒரு செல்லப்பெயரே உண்டு, சென்னையின் எஃப்.சி. அணிக்கு ஆடிய தனபால் கணேஷ் அங்கிருந்து போனவர். அடுத்து கேரம் வரும். மீன்பாடி வண்டி ஓட்டியவரின் மகளாகப் பிறந்து உலக சாம்பியன் ஆன இளவழகியின் பெயரைச் சொல்லாமல் அந்தப் பேச்சு முடியாது. பிறகு குத்துச்சண்டை. நீச்சல் இந்த வரிசையில் வருவதில்லை. வராததில் என்ன வியப்பு என்று கேட்கலாம். வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் வியப்பு வரும். கிழக்கே பக்கிங்காம் கால்வாய், ஊரை ஒட்டியே கேப்டன் காட்டன் கால்வாய், தெற்கே ஓட்டேரி நல்லா, இன்னும் சில கிலோமீட்டர் கிழக்கே போனால் கடல். சென்னையில் இத்தனை பக்கமும் தண்ணீர் சூழ்ந்த பகுதிகள் அதிகமில்லை. ஐப்பசியில் நாலு நாள் விடாமல் பெய்தால் தண்ணீர் வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கும். அப்படிப்பட்ட ஊரும், அதை அடுத்த ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூரும் நீச்சல் போட்டியின் வரலாற்றில் ஏன் ஓரமாக நிற்கின்றன? வறுமை என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடுவது வழக்கம். அந்த வறுமை கால்பந்தைத் தடுக்கவில்லை, கேரம் பலகையைத் தடுக்கவில்லை, குத்துச்சண்டைக் கையுறையையும் தடுக்கவில்லை. நீந்தத் தெரிந்த ஜனங்கள் ஓர் ஊரில் இருப்பதும், அந்த ஊரிலிருந்து நீச்சல் வீரர்கள் கிளம்புவதும் வேறு வேறு காரியங்கள் என்பதே என் வாதம். இரண்டுக்கும் நடுவே தேவைப்படுவது அளந்த தண்ணீர்: நீளம் இவ்வளவு என்று தெரிந்த, அடித்தரை கண்ணுக்குத் தெரிகிற, காலையும் மாலையும் ஒரு சங்கத்துக்கென்று திறந்திருக்கிற தண்ணீர். வடசென்னைக்குக் கிடைக்காமல் போனது அதுதான். கிடைக்காமல் செய்தவற்றில் துறைமுகம், சாக்கடை, சாதி, நகர நிர்வாகம் எல்லாவற்றுக்கும் பங்குண்டு.

நீந்தத் தெரியாத கரை என்று இதை யாரும் சொல்ல முடியாது. சென்னையில் துறைமுகம் கட்டும் வேலை 1875-ல்தான் தொடங்கியது. அதற்கு முன் இரண்டு நூற்றாண்டுக்கு மேலாகக் கப்பல்கள் கரைக்கு எட்டாத தூரத்தில் நங்கூரம் போட்டு நின்றன. அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கொண்டு சேர்த்தவை மசூலாப் படகுகளும் கட்டுமரங்களும். மசூலாப் படகில் ஆணி கிடையாது. பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள், அலை மோதினால் நெகிழ்ந்து கொடுக்கும். அது கவிழ்ந்தால் விழுந்தவர்களைத் தூக்கிவிடக் கட்டுமரக்காரர்கள் கூடவே போவார்கள். கப்பலுக்குக் கடிதம் கொண்டுபோகிறவர் அதை ஓலையால் முடைந்த கூம்புத் தொப்பிக்குள் செருகிக்கொள்வார். அலை அவரை மரத்திலிருந்து தள்ளிவிடும். நீந்திப் போய் மரத்தைப் பிடித்து மறுபடி ஏறிக்கொள்வார். தொப்பிக்குள் கடிதம் நனையாமல் இருக்கும். சென்னைக்கு வந்த ஐரோப்பியப் பயணிகளின் குறிப்புகளில் இந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. அவர்கள் அதிசயித்தார்கள், கூலி கொடுத்தார்கள், அத்தோடு சரி. தெற்கே மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும் குளித்தவர்களுக்கும் இதே கதைதான். கல்லை மிதித்துக்கொண்டு அடிக்கு இறங்கி, மூச்சு முட்டும்வரை பொறுக்கி, மேலே வருகிறவர்களை யாரும் விளையாட்டு வீரர் என்று எண்ணவில்லை. நீச்சல் அவர்களுடைய பிழைப்பின் ஒரு பகுதி. யார் முந்தி வந்தார், எத்தனை விநாடியில் வந்தார் என்று பார்க்க அந்தத் தொழிலில் அவசியமே இல்லை.

வேடிக்கை என்னவென்றால், போட்டி நீச்சல் தன் முக்கியமான வித்தையை இப்படிப்பட்ட ஜனங்களிடமிருந்துதான் எடுத்துக்கொண்டது. 1844-ல் வட அமெரிக்காவின் ஓஜிப்வே பழங்குடியைச் சேர்ந்த இருவர் லண்டன் குளம் ஒன்றில் நீந்திக் காட்டினார்கள். கைகளை மாறி மாறி வீசி, கால்களை மேலும் கீழும் உதைத்துப் பாய்ந்தார்கள். மார்பு நீச்சலைத் தவிர வேறொன்றை அறியாத ஆங்கிலேயர்கள் அவர்களுடைய வேகத்தை ஒப்புக்கொண்டார்கள். ஆனால் தண்ணீரை இப்படி அடித்துக் கலக்குவது நாகரிகமில்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பிறகு சிட்னியில் அலிக் விக்கம் என்ற சாலமன் தீவுச் சிறுவன் தன் ஊர்ப் பழக்கப்படி நீந்த, அதைப் பார்த்த நீச்சல் வீரர்களான கேவில் சகோதரர்களும் மற்றவர்களும் மெருகேற்றினார்கள். இன்று ‘ஃப்ரீஸ்டைல்’ பந்தயங்களில் உலகம் முழுக்க நீந்துவது அதன் வழிவந்ததுதான். தீவுக்காரர்கள் வித்தையைக் கொடுத்தார்கள், சங்கங்கள் அதற்குக் கடிகாரத்தைக் கொடுத்தன. ஒலிம்பிக்ஸே இந்த மாற்றத்துக்குச் சாட்சி. 1896-ல் ஏதென்ஸில் நீச்சல் பந்தயங்கள் கடலில் நடந்தன. 1900-ல் பாரிஸில் சேன் நதியில். 1908-ல் லண்டனில் ஓட்டப்பந்தய மைதானத்துக்கு நடுவிலேயே 100 மீட்டர் குளம் ஒன்றைக் கட்டிவிட்டார்கள். உலக நீச்சல் சம்மேளனமும் அதே ஆண்டில் அதே ஊரில்தான் தொடங்கியது. அதற்குப் பிறகு சாதனை என்றால் குளத்தில் செய்தது என்று ஆயிற்று.

இந்த மாற்றம் ஒரு துறைமுகத்துப் பிள்ளையை எப்படி வெளியே நிறுத்தும் என்பதற்கு ஹவாயில் ஓர் உதாரணம் உண்டு. 1911 ஆகஸ்டில் ஹோனலூலு துறைமுகத்தில், கப்பல் நிற்கும் துறை ஒன்றில் கயிறு கட்டி நடத்திய பந்தயத்தில், டியூக் கஹானமோகு 100 கஜத்தை 55.4 விநாடியில் நீந்தினார். அன்றைய உலக சாதனையைவிட 4.6 விநாடி குறைவு. அமெரிக்க அமெச்சூர் விளையாட்டுச் சங்கம் ஏற்க மறுத்துவிட்டது: கடிகாரம் சரியில்லாமல் இருந்திருக்கும், நீரோட்டம் தள்ளியிருக்கும். மறு ஆண்டு ஸ்டாக்ஹோமில் அதே ஆள் ஒலிம்பிக் தங்கம் வாங்கிய பிறகுதான் வாயை மூடினார்கள். கஹானமோகுவுக்குப் பின்னால் ஒரு சங்கம் இருந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. வெள்ளையர் ஆதிக்கம் மிகுந்த பழைய படகுச் சங்கத்துக்கு மாற்றாகத் தீவுப் பிள்ளைகள் ‘ஹுயி நாலு’ என்ற தங்கள் சங்கத்தை ஏற்படுத்திக்கொண்டிருந்தார்கள். ராயபுரத்துக் கட்டுமரக்காரர் ஒருவர் அதே காலத்தில் அதே வேகத்தில் நீந்தியிருக்கவே முடியாது என்று யார் சொல்ல முடியும்? முடியும் என்றும் நான் வாதாட வரவில்லை. நிரூபிக்க வழியில்லாத நிலையில் அவர் இருந்தார் என்பதுதான் செய்தி.

துறைமுகம் வந்ததும் இருந்த தண்ணீரும் கெட்டது. நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. கடலுக்குள் நீட்டிய துறைமுகச் சுவர்கள் அதைத் தடுத்தன. தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் தொடங்கி எண்ணூர்வரை கடல் கரையைத் தின்றது. வீடுகள் போயின, கோயில்கள் போயின, கடைசியில் கருங்கல் பாறைகளைக் கொட்டிக் கரையைக் காக்க வேண்டியதாயிற்று. இன்று காசிமேட்டுக்கு வடக்கே பல இடங்களில் கடலில் இறங்க மணல் கிடையாது, பாசி படிந்த பாறைதான். ஒரே கட்டுமானம் நகரின் தென்பாதிக்குக் கடற்கரையைக் கொடுத்து, வடபாதியிடமிருந்து கரையைப் பறித்தது. அப்படிச் சேர்ந்த மணலின் மேல்தான் பிறகு மாநகராட்சியின் மெரினா நீச்சல் குளம் வந்தது. இதில் யாருடைய சதியும் இல்லை. ஆனால் இழப்பை ஈடுகட்ட வேண்டும் என்ற எண்ணமும் யாருக்கும் வரவில்லை. கால்வாயின் கதை இன்னும் மோசம். 1806-ல் எண்ணூர்வரை வெட்டிய காக்ரேன் கால்வாய்தான் பிற்பாடு நீண்டு, 1877–78 பஞ்ச நிவாரண வேலையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து, பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் பெற்றது. விறகும் உப்பும் கிளிஞ்சலும் ஏற்றிய படகுகள் பேசின் பிரிட்ஜ் பக்கம் வந்து நின்ற காலம் ஒன்று இருந்தது. ஆலைகள் பெருகி, நகரத்தின் சாக்கடை முழுதும் அதில் திரும்பியபின் கால்வாய் என்ற பெயர் மட்டும் மிஞ்சியது. எண்ணூர் முகத்துவாரம் கடைசிப் புகலிடமாக இருந்தது; அனல்மின் நிலையச் சாம்பலும், 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து இறங்கிய எண்ணெயும் அதையும் விட்டுவைக்கவில்லை. கழுத்துவரை எண்ணெய்ப் பிசுக்கில் நின்று, கையால் அள்ளி வாளியில் ஊற்றிய மீனவர்களின் படங்களை அந்த மாதம் எல்லாரும் பார்த்தோம்.

சரி, குளங்களும் ஏரிகளும் என்னவாயின? கொல்கத்தாவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சென்னை எதைக் கோட்டைவிட்டது என்பது தெரியும். வட கொல்கத்தாவின் ஹெதுவாவும் காலேஜ் ஸ்கொயரும் நெரிசலான தெருக்களுக்கு நடுவே இருக்கும் சதுரக் குளங்கள். ஓடு பதிக்காத, பச்சைத் தண்ணீர் நிற்கும் அந்தக் குளங்களின் கரையில் நீச்சல் சங்கங்கள் முளைத்தன. மிதவை கட்டித் தடம் பிரித்தார்கள், மரமேடை போட்டுக் குதித்தார்கள். வாராணசியில் கங்கையில் நீந்திப் பழகிய சச்சின் நாக் கொல்கத்தாவுக்கு வந்து ஹாட்கோலா சங்கத்தில் சேர்ந்தார். 1951-ல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் இந்தியாவுக்கு முதல் தங்கத்தை வாங்கிக் கொடுத்தார். அவரிடமும் அதே சங்கத்திலும் பயின்ற ஆரதி சாஹா படித்துறையில் நீந்தக் கற்ற குழந்தை. 11 வயதில் ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸுக்குப் போனார், 1959-ல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த முதல் ஆசியப் பெண் ஆனார். நதிக்கும் ஒலிம்பிக்ஸுக்கும் நடுவே ஒரு தெருச் சங்கம் நின்றது. சென்னையிலோ ஏரிகளை மனையாகத்தான் பார்த்தார்கள். மாம்பலத்து நீண்ட ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கம் ஏரியின் மேல் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. எஞ்சிய கோயில் குளங்களைப் பற்றிப் பேசும்போது சாதியை ஒதுக்கிவைத்துப் பேச முடியாது. பொதுச் சாலை, கிணறு, குளம் எல்லாவற்றிலும் தாழ்த்தப்பட்டோருக்கு உரிமை உண்டு என்று இரட்டைமலை சீனிவாசன் 1924-ல் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. மூன்று ஆண்டு கழித்து மகாடில் அம்பேத்கர் ஒரு குளத்தில் கை வைத்துத் தண்ணீர் குடித்ததே போராட்டமாயிற்று. வியாசர்பாடி, புளியந்தோப்புப் பகுதிகளின் உழைப்பாளிகளில் பெரும் பங்கு ஆதிதிராவிடர்கள். குடிக்கவே இறங்க முடியாத தண்ணீரில் அவர்கள் பந்தயத்துக்கு எங்கே இறங்குவது? வெள்ளையர்களின் மெட்ராஸ் கிளப்பும் (1832) ஜிம்கானா கிளப்பும் (1884) வேறு உலகம். இந்தியக் கனவான்களையே நெடுங்காலம் சேர்க்காத இடங்களில் ஆலைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளையைப் பற்றிப் பேச்சே இல்லை.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். குளமும் சங்கமும் இல்லாமலே தமிழர்கள் உலகம் வியக்க நீந்தவில்லையா? நீந்தினார்கள். யாழ்ப்பாணக் கரையின் தொண்டைமானாற்றைச் சேர்ந்த முருகுப்பிள்ளை நவரத்தினசாமி 1954 மார்ச்சில் வல்வெட்டித்துறையிலிருந்து கோடிக்கரைவரை பாக்கு நீரிணையை 27 மணி நேரத்தில் நீந்திக் கடந்தார். அதைச் செய்த முதல் மனிதர் அவர்தான். மிகிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தியது 1966-ல். நம் பாடப்புத்தகப் பொது அறிவில் அவர் பெயர் இருக்கும், நவரத்தினசாமியின் பெயர் இருக்காது. 1971-ல் வல்வெட்டித்துறை ஆனந்தன் அதே நீரிணையைப் போக, வர இரண்டு முறையும் ஒரே மூச்சில் 51 மணி நேரத்தில் கடந்தார். 1984-ல் ஆங்கிலக் கால்வாயில் நீந்தும்போது அவர் உயிர் போயிற்று. இந்த இருவரும் என் வாதத்தை உடைப்பதாகத் தோன்றலாம். உண்மையில் அவர்கள்தான் அதற்குச் சிறந்த சாட்சிகள். கடல் இவர்களுக்குக் கொடுத்தது தூரம்தான். கடலில் பயின்றவர் 27 மணி நேரம் நீந்தலாம். 100 மீட்டரை எத்தனை விநாடியில் முடிப்பார் என்று அவருக்கே தெரியாது. சுவரைத் தொட்டுக் குட்டிக்கரணம் போட்டுத் திரும்புவதைக் கடலில் பழக முடியாது. அளவுகோலுக்கு அகப்படாமல் ஒதுங்கிப்போன பெரும் வலிமையின் கதை அவர்களுடையது. இதோடு குற்றாலீஸ்வரனை ஒப்பிடலாம். அவரும் நெடுந்தூரக்காரர்தான், 1994-ல் 12 வயதில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார், ஒரே ஆண்டில் ஆறு கடற்பரப்புகளை நீந்தி மிகிர் சென்னின் ஐந்தை முந்தினார், 1996-ல் அர்ஜுனா விருது பெற்றார். ஆனால் அவருடைய தொடக்கம் சென்னையில் ஒரு நீச்சல் குளத்தின் கோடை முகாம், அங்கே பையனைக் கவனித்த ஒரு பயிற்சியாளர். கடல் பிறகு வந்தது.

சங்கம் கட்டி நடத்தும் பழக்கம் அந்தப் பக்கத்தில் இல்லை, அதனால்தான் நீச்சல் வளரவில்லை என்று ஒருவர் சொல்லக்கூடும். வடசென்னையை அறிந்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் என்று குத்துச்சண்டைப் பரம்பரை கட்டி, வாத்தியாரிடம் பிள்ளைகளை ஒப்படைத்து, பரம்பரையின் மானத்துக்காக மேடையேறிய ஊர் இது. இங்கிலாந்தின் எந்த நீச்சல் சங்கத்துக்கும் இதைவிடக் கடுமையான உறுப்பினர் ஒழுங்கு இருந்திருக்காது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-ல் பெரம்பூரில் பின்னி ஆலைத் தொழிலாளர்களிடமிருந்துதான் பிறந்தது. வியாசர்பாடியின் கால்பந்தும் 1990-களில் உள்ளூர் இளைஞர்கள் தாங்களே தொடங்கிய சங்கத்தால்தான் பிழைத்தது. வெறும் திடலும் ஒரு பந்தும் இருந்தது, மீதியை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். கேரமுக்குப் பலகை போதும். குத்துச்சண்டைக்கு நாலு கம்பும் கயிறும் போதும். இந்த மூன்றுக்கும் தேவையானதை ஒரு தெரு தன் சொந்தக் காசில், வசூல் போட்டாவது வாங்கிவிடும். நீச்சல் குளத்தை எந்தத் தெருவும் வசூல் போட்டுக் கட்ட முடியாது. அதை அரசு கட்ட வேண்டும், இல்லை ஆலை கட்ட வேண்டும், இல்லை பணக்காரர்கள் தங்களுக்காகக் கட்டிக்கொள்ள வேண்டும். சென்னையில் மூன்றாவதுதான் பெரும்பாலும் நடந்தது.

இரண்டாவது நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு நெய்வேலி இருக்கிறது. 1956-ல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியபோது சுரங்கத்தோடு நகரியத்தையும் கட்டினார்கள். பள்ளி, மருத்துவமனை, விளையாட்டரங்கம், நீச்சல் குளம் எல்லாம் அதில் அடக்கம். அந்த நிறுவனத்தில் வேலை பார்த்த ஓட்ட வீராங்கனை ஒருவரின் மகன் சஜன் பிரகாஷ் அந்தக் குளத்தில்தான் நீந்தக் கற்றார். 2021 ஜூனில் ரோமில் 200 மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சலை 1 நிமிடம் 56.38 விநாடியில் முடித்து, ஒலிம்பிக்ஸின் ‘ஏ’ தகுதியை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரர் ஆனார். தகுதி நேரம் 1:56.48. இடைவெளி பத்தில் ஒரு பங்கு விநாடி. நான்கு முறை 50 மீட்டர், மூன்று முறை சுவரைத் தொட்டுத் திரும்புதல், ஒவ்வொரு திருப்பத்திலும் விரல் நுனி எங்கே படுகிறது என்கிற கணக்கு, இதெல்லாம் சேர்ந்த பத்தில் ஒரு பங்கு அது. எந்தக் கால்வாயிலும் எந்த முகத்துவாரத்திலும் அதைப் பழக முடியாது. வடசென்னையிலும் பெரிய ஆலைகளுக்குக் குறைவிருந்ததில்லை: மணலி சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, எண்ணூர் அனல்மின் நிலையம், துறைமுகம், பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை. சிலவற்றுக்குக் குடியிருப்புகளும் உண்டு. ஆனால் அந்த ஆலைகளைச் சுமந்த ஜனங்களில் பெரும்பாலோர் குடியிருப்பின் மதிலுக்கு வெளியே, குடிசையிலும் வாரிய வீட்டிலும் இருந்தவர்கள். கூலியாகவும் ஒப்பந்த ஆளாகவும் உழைத்தவர்கள். அவர்களுக்கு ஆலை கொடுத்தது சம்பளமும் புகையும்தான். நகருக்குள்ளேயே இன்னொரு சான்று உண்டு. 2000-ல் சிட்னி ஒலிம்பிக்ஸில் இந்தியாவுக்காக நீந்திய நிஷா மில்லட், 1991-ல் தன் 9 வயதில் நீந்தக் கற்றது ஷெனாய் நகர் சங்கத்துக் குளத்தில், அப்பாவிடம். மறு ஆண்டே மாநிலப் பதக்கம். பிறகு குடும்பம் பெங்களூருக்குப் போனது, அங்கே அவர் தேசிய சாம்பியன் ஆனார். ஷெனாய் நகருக்கும் வியாசர்பாடிக்கும் ஏழெட்டு கிலோமீட்டர்தான் இருக்கும்.

தண்ணீர்ப் பஞ்சத்தில் அல்லாடும் நகரத்தில், குடிநீருக்கே லாரி வரிசையில் குடங்களை வைத்துக் காத்திருக்கும் ஜனங்களிடம் போய் நீச்சல் குளம் பற்றிப் பேசுவது கொழுப்பில்லையா என்ற கேள்விதான் எனக்குக் கனமாகப் படுகிறது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது இந்தக் கேள்வியை யார் கேட்டிருந்தாலும் பதில் சொல்லக் கூசியிருக்கும். ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 50 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் என்றால் 25 லட்சம் லிட்டர். அது வேண்டாம். 25 மீட்டருக்குப் பன்னிரண்டரை மீட்டரில், ஒன்றரை மீட்டர் ஆழத்தில் ஆறு தடம் போட்டாலும் போட்டிக்குப் பழகலாம்; 4 லட்சத்து 70 ஆயிரம் லிட்டருக்குள் முடிந்துவிடும், 12,000 லிட்டர் லாரியில் நாற்பது நடை. அதே தண்ணீரைத்தான் வடிகட்டி, குளோரின் போட்டுத் திரும்பத் திரும்பச் சுழற்றுவார்கள்; வெயிலில் ஆவியாவதையும் வடிகட்டி கழுவப் போவதையும் மட்டும் நிரப்பினால் போதும். ஒரு நடுத்தர அடுக்குமாடி வளாகம் தன் குடும்பங்களுக்கு மட்டும் வைத்திருக்கும் குளத்துக்கு யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை என்பதும் குறித்துக்கொள்ள வேண்டியது. இன்னொரு பக்கமும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2021-ல் மட்டும் உலகில் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஏழை, நடுத்தர வருவாய் நாடுகளின் மக்கள். கோடை விடுமுறையில் கல்குவாரியிலும் கடலிலும் மூழ்கிப்போகிற பிள்ளைகளைப் பற்றிய செய்தி நம் நாளிதழ்களில் ஆண்டு தவறாமல் வருகிறது. நூறு பிள்ளைகளுக்கு உயிர் பிழைக்க நீந்தக் கற்றுக்கொடுக்கும் குளத்தில் பத்துப் பேர் வேகமாக நீந்துவார்கள். போட்டிச் சங்கம் அந்தப் பத்துப் பேருக்காக மாலையில் நிற்கும் ஏற்பாடு, அவ்வளவுதான். அதற்காகத் தனியே ஒரு சொட்டுத் தண்ணீர் கூடச் செலவாகப் போவதில்லை.

குளம் இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. 1995-ல் தெற்காசிய விளையாட்டுகளுக்காக வேளச்சேரியில் பெரிய நீச்சல் வளாகம் எழுந்தது. தமிழகத்தின் மாநிலப் போட்டிகள் பல அங்கேதான் நடக்கின்றன. வியாசர்பாடிச் சிறுமி அங்கே பயிற்சிக்குப் போக வேண்டுமானால் ஜீவா ரயில் நிலையத்தில் மின்ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, சாலையைத் தாண்டி, பார்க் டவுனில் பறக்கும் ரயில் பிடித்து, வேளச்சேரிவரை போக வேண்டும். காலை ஆறு மணிப் பயிற்சிக்கு வீட்டிலிருந்து நாலரைக்குக் கிளம்பினால்தான் உண்டு. திரும்பி வந்து பள்ளிக்கூடம், மறுபடி மாலைப் பயிற்சி. பெரியமேட்டில் மை லேடீஸ் பூங்காவில் மாநகராட்சிக் குளம் ஒன்று இருக்கிறதே என்றால், பக்கம்தான். ஆனால் மாநகராட்சிக் குளம் மணிக்கணக்கில் சீட்டு வாங்கிக் குளிக்கிற இடமாகவே பழகிப்போனது. ஒரு மணி நேரக் கூட்டம் வெளியேற, அடுத்த கூட்டம் உள்ளே வரும். போட்டி நீச்சலுக்கு வாரத்தில் ஆறு நாள், ஒரு தடத்தில் வரிசையாக ஐந்தாறு பேர், சுவரில் ஓடும் பெரிய கடிகாரம், நாலைந்து ஆண்டுகளுக்கு மாறாமல் நிற்கிற ஒரு பயிற்சியாளர் வேண்டும். செவ்வாய்க்கிழமை வந்த பிள்ளை புதன்கிழமை ஏன் வரவில்லை என்று வீடு தேடிப் போய்க் கேட்கிற ஆள் அவர். குத்துச்சண்டைப் பரம்பரைகளின் வாத்தியார்கள் அதைத்தான் செய்தார்கள்.

இதைச் செய்து காட்டிய நகரம் ஃபிலடெல்ஃபியா. அமெரிக்காவில் கறுப்பின மக்கள் நீந்த மாட்டார்கள் என்ற பேச்சு நெடுங்காலம் இருந்தது. எலும்பு கனம், தண்ணீரில் மிதக்காது என்றெல்லாம் அறிவியல் மாதிரி ஒன்றைச் சொன்னார்கள். உண்மைக் காரணம் வேறு. வெள்ளையரோடு ஒரே குளத்தில் கறுப்பினத்தவர் இறங்க உரிமை கிடைத்ததும் தென் மாநில நகரங்கள் பல தங்கள் குளங்களையே மூடிவிட்டன. ஜாக்சன் நகரம் மூடியது செல்லும் என்று 1971-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அதே 1971-ல் ஃபிலடெல்ஃபியாவில் ஜிம் எல்லிஸ் என்ற ஆசிரியர் நகராட்சியின் பொழுதுபோக்கு மையக் குளத்தில் அக்கம்பக்கத்துக் கறுப்பினப் பிள்ளைகளை வைத்து ஓர் அணியைத் தொடங்கினார். பிறகு நைஸ்டவுன் என்ற பகுதியின் நகராட்சிக் குளத்துக்கு அணி இடம் மாறியது. அங்கே பயின்றவர்கள் அமெரிக்க ஒலிம்பிக் தேர்வுப் போட்டிகள்வரை போனார்கள். அவரைப் பற்றி 2007-ல் ஒரு சினிமாவும் வந்தது. அந்த அணிக்கு எல்லிஸ் தன் பெயரைச் சூட்டவில்லை, கொடையாளி பெயரையும் தேடவில்லை. ஃபிலடெல்ஃபியா பொழுதுபோக்குத் துறையின் முதலெழுத்துகளான பி.டி.ஆர். என்பதுதான் அணியின் பெயர். நகராட்சித் துறை ஒன்றின் பெயரை மார்பில் போட்டுக்கொண்டு பிள்ளைகள் பணக்காரச் சங்கங்களோடு மோதினார்கள். சென்னை மாநகராட்சிக்குப் பள்ளிகள் இருக்கின்றன, குளங்கள் இருக்கின்றன, 2023 பட்ஜெட்டில் அரசு 1,000 கோடி ரூபாயோடு அறிவித்த வடசென்னை வளர்ச்சித் திட்டமும் இருக்கிறது. அதில் ஆறு தடங்களுக்கும், ஒரு பயிற்சியாளரின் மாதச் சம்பளத்துக்கும், சீட்டு விற்காத இரண்டு மணி நேரத்துக்கும் எவ்வளவு ஒதுக்குவது என்பதுதான் இனிக் கேட்க வேண்டிய கணக்கு.